ஒத்திகையில் இல்லாத ஒன்று

"நான் வெளிய வர்ற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் என் மனைவி மரகதம் ஆபரேஷன் தியேட்டருக்குள் போனாள். சக்கரப் படுக்கையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பச்சை அங்கியும் தலையில் பச்சைத் துணித் தொப்பியுமாக, கழுத்தில் எலுமிச்சங்காய் அளவு கட்டியோடு அறுபடப் போகிறவள், எதிரே இரண்டு காலில் நல்லபடியாக நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து இதைச் சொன்னாள். "ரோட்டுப் பக்கம் போகாதீங்க. காபி வேணும்னா இங்கயே மிஷின்ல பிடிச்சுக் குடிங்க. படியில இறங்க வேணாம், லிப்ட்டுலயும் ஏற வேணாம்." எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. காரணம் என் சட்டைப் பையில் இருக்கிறது. அரை மணி முன்னால் நர்ஸ் அவள் தாலிக்கொடியைக் கழற்றி, மாத்திரை போட்டுத் தருகிற சின்னக் காகித உறையில் போட்டு, "சார், பத்திரம்" என்று என் கையில் கொடுத்தாள். மஞ்சள் கயிறு ஒன்றாவது கட்டிக்கொள்கிறேனே என்று மரகதம் கெஞ்சிப் பார்த்தாள். "கழுத்துலதான்மா ஆபரேஷன், எப்படிம்மா விடறது?" என்றாள் நர்ஸ். சரி, மணிக்கட்டிலாவது? அது ஊசி குத்துகிற கை. இன்னொரு கை? அதில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை. முப்பத்துநான்கு வருஷத்தில் முதல்முறையாக அவள் கழுத்து வெறுமையாக இருக்கிறது. ஆகவே ஆபத்து எனக்கு. அவள் கணக்கு அது. கத்தி அவள் கழுத்தில், உயிர் போனால் என்னுடையது. நான் இங்கே உட்கார்ந்து அவளுக்குப் பயப்படுகிறேன், அவள் உள்ளே மயக்க மருந்து ஏறுகிற கடைசி நொடி வரை எனக்குப் பயந்துகொண்டிருந்திருப்பாள். யாருக்கு யார் பயப்பட வேண்டும் என்பதே குழம்பிப்போகிறது. பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிறது. ஒன்பது பத்துக்கு உள்ளே போனாள். இப்போது ஒன்பது இருபத்தைந்து.

ஆனால் நான் பயப்படவே கூடாது. அதற்காகத்தானே ஒரு வருஷமாகப் பயிற்சி. ரிட்டயர் ஆன புதிதில் நடைப்பயிற்சி போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்ட தொடர் சொற்பொழிவு அது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்கத்திலும் ரோமாபுரியிலும் ஸ்டோயிக்குகள் என்று ஒரு ஞானிகள் கூட்டம் இருந்ததாம். நாளைக்கு வரப்போகிற கெடுதலை இன்றைக்கே மனசுக்குள் நடத்திப் பார்த்துவிடு, அப்புறம் அது நிஜமாக வந்தாலும் உன்னைத் தள்ளிவிட முடியாது என்பது அவர்கள் வழி. கேட்டதுமே எனக்குப் பிடித்துவிட்டது. இது என் தொழில் அல்லவா! பொன்மலையில் ரயில்வே உத்தியோகம், அதில் கடைசிப் பன்னிரண்டு வருஷம் விபத்து நிவாரண ரயிலில். மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடக்கும். சங்கு ஊதும், ஓடிவந்து ஏற வேண்டும், ஓர் ஓரத் தண்டவாளத்தில் பழைய பெட்டியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், எங்கள் ஆட்களிலேயே நாலு பேர் தலையில் சிவப்பு மை பூசிய கட்டோடு படுத்திருப்பார்கள். கந்தசாமி எப்போதும் இரண்டு காலும் போனவன். "சீக்கிரம் தூக்குங்கய்யா, ஜல்லி முதுகுல சுடுது" என்பான். சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று முந்தின நாளே எல்லாருக்கும் தெரியும், டிபன் சாப்பிட்டுவிட்டுத்தான் ஓடுவோம். அது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது? பயிற்சியைப் பற்றியல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் காலை ஐந்தேகாலுக்கு மொட்டை மாடியில் கண்ணை மூடிப் பதினோரு நிமிஷம். முதல் வாரம் செருப்புத் தொலைந்தது. அப்புறம் வீடு எரிந்தது. அப்புறம் எனக்கு ஒரு கால் போயிற்று, பார்வை போயிற்று. என் சாவுக்கு ஒரு வாரம் ஒதுக்கினேன், அது சுலபம், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சுகமாகவே இருந்தது, யார் யார் வந்தார்கள், யார் என்ன பேசினார்கள் என்று பதினோரு நிமிஷம் போதவில்லை. அதற்கப்புறம்தான் மரகதத்துக்கு வந்தேன்.

முதல் நாள் அழுதுவிட்டேன். ஐஸ் பெட்டி, கூடத்தில் நகர்த்திப் போட்ட சோபா, புனேயிலிருந்து விமானம் பிடித்து வருகிற எங்கள் மகன் அமுதனின் வீங்கின முகம், எல்லாம் துல்லியமாக வந்தன. பத்தாவது நாள் கண் மட்டும் கலங்கியது. நாற்பதாவது நாள் ஒன்றுமில்லை. ஐந்து இருபதுக்கு மனசுக்குள் அவளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஐந்து முப்பதுக்குக் கீழே இறங்கி அவள் போட்ட காபியைக் குடித்தேன். தேறிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. பெருமை வந்தால் வாய் சும்மா இருக்குமா? ஒரு வெள்ளிக்கிழமை, அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தபோது அவளே கேட்டாள், அப்படி என்னதான் கண்ணை மூடிக்கிட்டு நினைக்கிறீங்க என்று. உண்மையைச் சொன்னேன். "நீ இல்லாமப் போயிட்டா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாக்கறேன்." கரண்டியைக் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழமை அதுவுமா வாயக் கழுவுங்க. அஸ்து தேவதைங்க வீட்டுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், நாம என்ன சொல்றோமோ அப்படியே ஆகட்டும்னு சொல்லிட்டுப் போயிடும்." நான் தத்துவத்தை விளக்கினேன். எனக்கு விளக்க வரும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நான் போனதும் நல்லா அழுதீங்களா?" என்றாள். இல்லை, அழாமல் இருப்பதற்குத்தான் இந்தப் பயிற்சியே என்றேன். ரசத்தை இறக்கினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வந்தது, காபி வந்தது, பேச்சு வரவில்லை. வீட்டில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது நாள் அவளாகவே எதற்கோ, முருங்கைக்காய்க்கோ எதற்கோ, வாயைத் திறந்தாள். எனக்கு மூச்சு வந்தது. அப்போதாவது நான் எதையாவது புரிந்துகொண்டேனா? இல்லை. மறுநாள் ஐந்தேகாலுக்கு மறுபடி மாடி ஏறினேன்.

மூன்று மாசம் கழித்துக் கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைத்தவள் "என்னங்க, இங்க தொட்டுப் பாருங்க" என்றாள். விரலுக்கடியில் உருண்டது. தைராய்டு. நான் நினைத்ததால் வந்ததா? இல்லை, அறிவுள்ளவன் அப்படிக் கேட்க மாட்டான், கட்டி உண்டாக வருஷக்கணக்கு ஆகும், நான் மாடி ஏறுவதற்கு முன்பே அது உள்ளே இருந்திருக்கும். அப்படியென்றால் நான் நினைக்க ஆரம்பித்ததே அது இருந்ததாலா? அதுவும் பைத்தியக்காரத்தனம். ரோமாபுரியில் அஸ்து தேவதைகள் இல்லை போலிருக்கிறது, அவர்கள் பாட்டுக்கு எதை வேண்டுமானாலும் நினைத்தார்கள், சொன்னார்கள். நாம் கடைக்குக் கிளம்பும்போதுகூடப் போகிறேன் என்று சொல்ல மாட்டோம், போய்விட்டு வருகிறேன் என்போம். அரிசி இல்லை என்று சொல்ல மாட்டோம், அரிசி வாங்கணும் என்போம். இப்படி வளர்ந்த வாயையும் மனசையும் வைத்துக்கொண்டு நான் தினமும் பதினோரு நிமிஷம் ஒருத்தியைச் சாகடித்திருக்கிறேன். ஊசி போட்டு எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லை என்று வந்தது. டாக்டர் நல்ல மனுஷர், படம் போட்டுக் காட்டினார். "உயிருக்கெல்லாம் ஒண்ணும் பயமில்ல சார், சாதாரணக் கட்டிதான். பெருசா இருக்கறதால எடுத்துடறது நல்லது. ஒரே ஒரு விஷயம், குரலுக்குப் போற நரம்பு இதை ஒட்டியே போகுது. கட்டி அதுமேல சாஞ்சிருக்கு. ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம். ஆனா அபூர்வமா ஒருத்தர் ரெண்டு பேருக்குக் குரல் போயிடறது உண்டு." நான் தலையாட்டினேன். வெளியே வந்து படியில் நின்றபோதுதான் விளங்கியது, நான் அவள் சாவுக்குத் தயார், அவள் குரல் போவதற்குத் தயாரில்லை. பட்டியலில் அது இல்லவே இல்லை. செருப்பு இருந்தது.

அன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரம் இருந்தது, ஒரு வாரத்துக்குள் தயாராகிவிடலாம் என்று நினைத்தேன். கண்ணை மூடினேன். மரகதம் வருகிறாள், கழுத்தில் தழும்பு, பேச்சில்லை, சைகையில் காபி வேண்டுமா என்கிறாள். அவ்வளவுதான், அதற்குள் "இப்படிக் கூனிக்கிட்டு உக்காந்தா முதுகு வலிக்காதா?" என்கிறாள். இல்லை, நீ பேசக்கூடாது, உனக்குக் குரல் போய்விட்டது என்று மறுபடி ஆரம்பித்தால், "காக்காக்கு வச்ச சோத்த அணில் தின்னுட்டுப் போகுது பாருங்க" என்கிறாள். ஏழு நாளும் இதே கதை. கற்பனையில்கூட அவளைப் பேசாமல் வைக்க என்னால் முடியவில்லை. செத்தவளாக நினைக்க முடிந்தது, அது எப்படி? செத்த மரகதம் அசையாமல் படுத்திருந்தாள், நான்தான் எல்லாம் செய்தேன், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது அவளைப் பற்றிய ஒத்திகையே இல்லையோ? என்னைப் பற்றியதுதானோ? ஆண்டவா. மணி பத்து பத்து. எதிர் வரிசையில் ஒரு அம்மாள் வாயை அசைத்து ஏதோ ஜபிக்கிறாள். தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. எனக்கு எந்த ஸ்தோத்திரமும் முழுசாகத் தெரியாது, பாதியில் நின்றுவிடும், பாதியில் நின்ற ஸ்தோத்திரம் நல்லதா கெட்டதா என்று அது வேறு ஒரு சந்தேகம்.

"மரகதம் அட்டெண்டர் யாரு?" நர்ஸ் சீட்டோடு நிற்கிறாள். எழுந்துவிட்டேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன் என்பதே எழுந்த பிறகுதான் உறைக்கிறது. "இதுல இருக்கறத உடனே வாங்கிட்டு வாங்க. இங்க ஸ்டாக் இல்ல, எதிர்த்த மெடிக்கல்ல கிடைக்கும்." எதற்கு, ஏன் உடனே, ஏதாவது ஆகிவிட்டதா? "எல்லாருக்கும் எழுதறதுதான் சார், போங்க" என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். எதிர்த்த மெடிக்கல் என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம். லிப்ட்டில் ஏற வேண்டாம் என்றாள், படியில் இறங்க வேண்டாம் என்றாள். இரண்டில் எது கம்மி ஆபத்து? படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிறேன், குழந்தை மாதிரி. வாசலில் வெயில். தஞ்சாவூர் ரோடு, பஸ், வேன், பஸ், நடுவில் புகுந்து வருகிற பைக்குகள். கூட்ஸ் வண்டி வருகிற தண்டவாளத்தைச் சாதாரணமாகத் தாண்டின கால் இது, நடைபாதை ஓரத்தில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. எனக்கு என் சாவு சுலபம் என்றல்லவா நினைத்திருந்தேன். இப்போது செத்தால் அவள் கண் விழிக்கும்போது கழுத்தும் வெறுமையாக இருக்கும், குரலும் இல்லாமல் இருக்கலாம், ஆளும் இருக்க மாட்டான், அலறக்கூட அவளால் முடியாமல் போகலாம். கழற்றினதால்தான் என்று ஆயுசுக்கும் நம்புவாள், யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். ஒரு கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையைப் போலீஸ்காரன் மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கினேன். "ஐயா, என்னய்யா, நடுரோட்டுல கையத் தூக்கிட்டு நிக்கறீங்க?" என்று ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டார். "கழுத்து ஆபரேஷன்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கையைக் காட்டிப் பின்னால் வருகிறவர்களையும் நிறுத்தி என்னை அனுப்பிவைத்தார். திரும்பி வரும்போது எப்படித் தாண்டினேன் என்று தெரியவில்லை. மருந்தை நர்ஸிடம் கொடுத்தாகிவிட்டது. அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூச்சு வாங்குகிறது. எழுந்ததை அவளிடம் சொல்வதா, மறைப்பதா? சொன்னால் திட்டுவாள். திட்டட்டுமே. திட்டினால் போதுமே!

பத்து ஐம்பது. முட்கள் நகர மாட்டேன் என்கின்றன. எனக்கு ஒன்று தோன்றுகிறது, தோன்ற வேண்டாம் என்று தள்ளத் தள்ள அதுவே முன்னால் வந்து நிற்கிறது. அஸ்து தேவதைகள் நாம் நினைக்கிறதைக் கேட்பதில்லை. சொல்கிறதைத்தான் கேட்கும். மரகதம் அப்படித்தானே சொன்னாள், நாம என்ன சொல்றோமோ என்றுதானே. அவள் சாவை நான் வாயால் சொன்னது ஒரே ஒரு தரம். மற்றதெல்லாம் மனசுக்குள். ஆனால் தினமும், ஒரு நாள் விடாமல், மாடிக்கு ஏறும் முன்னால் சமையலறை வாசலில் நின்று வாய்விட்டு நான் சொன்னது வேறு. அவள் பாத்திரத்தோடு பேசுவாள், பால் பாக்கெட்டோடு பேசுவாள், நேற்றுத் தன் தங்கச்சி போனில் சொன்னதை எனக்குச் சொல்ல ஆரம்பிப்பாள். "கொஞ்ச நேரம் பேசாம இரேன். ஒரு பதினோரு நிமிஷம். உன் குரல் கேட்டா எனக்கு மனசு நிக்க மாட்டேங்குது." உன் குரல் கேட்டால். ஒரு வருஷம். முந்நூற்றுச் சொச்சம் தரம். எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. இது மூடநம்பிக்கை, எனக்குத் தெரியும், தெரிந்து என்ன, வேர்க்கிறதே. சரி, தேவதைகளை விடு, அவைகள் இல்லை. நரம்பு ஒன்று உண்டு, கத்தி ஒன்று உண்டு, அது நிஜம். ஆனால் நான் அப்படிச் சொன்னதும் நிஜம்தானே. ஒருத்தி பேசிக்கொண்டே இருந்தாள், கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு கேட்காமல் இருக்க ஒருவன் பயிற்சி எடுத்தான். தங்கச்சி போனில் என்ன சொன்னாள்? ஒரு நாள் கதையாவது எனக்கு முழுசாகத் தெரியுமா? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஏதோ சம்பந்தம், மாப்பிள்ளை வீட்டில் ஏதோ கேட்டார்கள், அதற்கப்புறம்? நான் மாடி ஏறிவிட்டேன். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று இன்றைக்கு எப்படியாவது கேட்க வேண்டும். அவளால் சொல்ல முடியாவிட்டால்? எழுதிக் காட்டுவாள். அவள் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், அவளுக்கே திரும்பப் படிக்க வராது. அய்யோ, நான் என்ன செய்வேன். ஞானிகளே, பதினோரு நிமிஷக்காரர்களே, யாராவது ஒருத்தர் வந்து பக்கத்தில் உட்காருங்களேன்.

"மரகதம் அட்டெண்டர்!" சிவப்பு விளக்கு எப்போது அணைந்தது? "முடிஞ்சுது சார். முழிச்சுட்டாங்க, உள்ள வந்து பாக்கலாம்." பேசினாளா என்று கேட்டேன். "இனிமேதான் பாக்கணும்." செருப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொன்னார்கள். தரை சில்லென்று இருந்தது. திரை போட்ட மூன்றாவது கட்டிலில் படுத்திருந்தாள், கழுத்தில் வெள்ளைக் கட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் குழாய், கண் பாதி திறந்திருந்தது. மயக்க மருந்து கொடுத்த டாக்டர், என் மகன் வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, குனிந்து மரகதத்தின் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, இங்க பாருங்க, யாரு வந்திருக்காங்க? இவர் பேரு என்ன? சத்தமா சொல்லுங்க பாப்போம்." மரகதம் என்னைப் பார்த்தாள். உதட்டை நனைத்துக்கொண்டாள். வாய் கொஞ்சம் திறந்தது, மூடிக்கொண்டது. "பேர் சொல்லுங்கம்மா." ஒன்றுமில்லை. "அம்மா, முயற்சி பண்ணுங்க, இவர் பேரு?" ஒன்றுமில்லை. டாக்டர் நிமிர்ந்து நர்ஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்துவிட்டேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான், எங்கிருந்தோ, ஞாபகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவள் என் பேரைச் சொன்னதே இல்லையே. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவாள், அமுதனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கேட்டதற்கு அவனைக் கிள்ளி அப்பா பேரைச் சொல்லுடா என்றாள். அப்படியானால் இப்போது சொல்ல மாட்டேன் என்கிறாளா, சொல்ல முடியவில்லையா? இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகம்தான். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், முப்பத்துநான்கு வருஷம் பார்த்த முகம், எனக்குத் தெரியவில்லை. "டாக்டர், வேற ஏதாவது கேளுங்க" என்றேன். "அவ என் பேரைச் சொல்ல மாட்டா. சொன்னதே இல்ல. தயவுசெஞ்சு வேற ஏதாவது கேளுங்க." டாக்டருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டு மறுபடி குனிந்தாள். "சரிம்மா, பேர் வேண்டாம். இவர் எப்படிப்பட்டவரு? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

மரகதம் கண்ணை நன்றாகத் திறந்தாள். வேர்த்து முதுகோடு ஒட்டின என் சட்டை, கம்பியை விடாத கை, என்ன செய்தும் நடுக்கம் நிற்காத என் உதடு, எல்லாவற்றையும் மேலிருந்து கீழே வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள். தொண்டைக்குள் ஏதோ கரகரத்தது.

"பயந்தாங்கொள்ளி" என்றாள்.

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "குரலுக்கு ஒண்ணும் ஆகல சார், கரகரப்பு ஒரு வாரத்துல சரியாயிடும்" என்றாள் டாக்டர். நான் கட்டிலோரம் முட்டிபோட்டுவிட்டேன், கண்ணும் மூக்கும் ஒழுகுகிறது, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு, மரகதம்" என்றேன்.